அம்மா கை நனைக்காத வீடு

அம்மாவும் அப்பாவும் ஈப்போவிலிருந்து புதுச்சேரியை அடுத்த பாகூருக்கு வந்து இறங்கியபோது, பத்து நாளுக்கான திட்டம் என்னிடம் தயாராக இருந்தது. எந்த நாள் எந்தக் கோயில், எந்தப் பேருந்து, மதியச் சாப்பாடு எங்கே என்று எழுதி, படி எடுத்து, ஆளுக்கொன்று கையில் கொடுத்தேன். நான் பிசியோதெரபிஸ்ட். கை கால் மடங்கிப்போன குழந்தைகளிடமே நேரம் வைத்து வேலை வாங்குகிறவள், பெற்றவர்களைச் சும்மா விடுவேனா? அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மா படித்துக்கூடப் பார்க்கவில்லை.

மலேசியாவிலிருந்து ஒரு வருடத் தொண்டூழியத்துக்காக வந்தவள் நான். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பதுதான் வேலை. பாகூர், செலியமேடு, சோரியாங்குப்பம் என்று ஸ்கூட்டரில் சுற்றுவேன். வருடம் முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. இன்னொரு வருடம் இருக்க முடியுமா என்று நான் வேலை பார்க்கும் பயிற்சி மையத்தில் கேட்டிருந்தார்கள். எனக்கு இருக்கத்தான் ஆசை, அதை அம்மாவிடம் போனில் சொல்லியும் இருந்தேன். ஆனால் அம்மா வந்து போகட்டும், பிறகு சொல்கிறேன் என்று தள்ளி வைத்திருந்தேன். முப்பத்தோரு வயதில் அம்மாவின் அனுமதியா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அம்மா வேண்டாம் என்று சொன்னால், அதை மனதில் வைத்துக்கொண்டு கடல் கடந்து வேலை பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது.

நான் குடியிருந்தது ஒரு மாடி அறை. கீழே வீட்டுக்கார அக்கா, அவர் கணவர், ஒரே மகன். மகன் திருபுவனையில் ஒரு தொழிற்சாலைக்கு பைக்கில் ஷிப்டு போய்வந்தான். என் அப்பா அம்மா வருகிறார்கள் என்றதும் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் நாள் காலையிலேயே இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் செய்து மேலே ஆள் அனுப்பிவிட்டார். அம்மா இறங்கிப் போய், கும்பிட்டு, சிரித்துப் பேசி, வயிறு சரியில்லை என்று சொல்லி மேலே வந்துவிட்டாள். மதியம் வஞ்சிரக் குழம்பு வைத்துக் கூப்பிட்டார்கள். பயணக் களைப்பு என்றாள். மறுநாள் விரதம் என்றாள். அன்றைக்கு என்ன விரதம் என்று அப்பாவைக் கேட்டேன். அவர் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

அம்மா தன் பெட்டியில் பாதிக்கு மீ நூடுல்ஸ் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். என் கெட்டிலில் தண்ணீர் சுடவைத்து, அதையே மூன்று வேளையும் அப்பாவுக்கும் கொடுத்தாள். கீழேயிருந்து தாளிக்கிற வாசனை மேலே வரும். அப்பா மீயைக் கிளறிக்கொண்டே இருப்பார். நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவரை டீக்கடையில் இரண்டு வடையோடு கையும் களவுமாகப் பிடித்தேன். "அம்மாகிட்ட சொல்லிராதம்மா," என்றார்.

ஊர்த் தண்ணீருக்குப் பயப்படுகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். என் கணிப்பு பெரும்பாலும் தப்பாது. குழந்தையின் பாதத்தைத் தொட்டே இடுப்பில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். ஆனால் மூன்றாம் நாள் திட்டப்படி வில்லியனூர் போய்க் கோயில் பார்த்துவிட்டு ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தோம். அம்மா சாம்பாரை மூன்று முறை கேட்டு வாங்கினாள். மேசை மேல் இருந்த சொம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுக்கக் குடித்தாள். எனக்கு வந்த கோபத்தில் ரசத்துக்குக் காத்திருக்காமல் எழுந்துவிட்டேன்.

பேருந்து நிறுத்தத்தில் வைத்துக் கேட்டேன். மூன்று நாளாக அந்த அக்கா சமைத்துச் சமைத்து எடுத்து வைக்கிறார், அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது, என்னதான் உன் பிரச்சினை என்று. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மாப்பிள வீட்ல பேச்சு முடியாம யாராச்சும் கை நனைப்பாங்களா?" என்றாள்.

எனக்குப் புரிய நேரமாயிற்று. சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இரண்டு தலைமுறைக்கு முன் கப்பலேறிய குடும்பம் எத்தனையோ விஷயங்களைத் தொலைத்திருக்கிறது. இதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தது. ஒவ்வொரு வீடியோ காலிலும் வீட்டுக்கார அக்காவின் பையன் எனக்குப் பின்னால் எங்கேயாவது தெரிவானாம். ஒருநாள் கேஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு, ஒருநாள் மின்விசிறி மாட்டிக்கொண்டு. மகள் இன்னொரு வருடம் இருக்க வேண்டும் என்கிறாள். அம்மா இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, விமானமே ஏறி வந்துவிட்டாள்.

நான் சிரித்த சிரிப்பில் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அந்தப் பையனுக்குச் செலியமேட்டில் பெண் நிச்சயமாகிவிட்டது. நிச்சயத்துக்குத் தட்டு தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருத்தி. போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அம்மா படத்தைப் பெரிதாக்கி, பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். அப்பா பெருமூச்சு விட்டு, ராத்திரிக்குக் கீழே என்ன குழம்பு என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே அம்மா கீழே போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் அக்காவைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு மொத நாளே தெரியும் பாப்பா. ஆனா இன்னான்னு கேக்கறது? ஏன் சாப்புடலன்னு கேட்டா நானே பொண்ணு கேட்ட மாதிரி ஆயிடும்ல?"

எல்லாம் தீர்ந்தது என்று துள்ளிக்கொண்டு மாடிக்கு வந்தேன். அம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருக்கும் என்று நினைத்தேன், தெளியவில்லை.

"கல்யாணம்னா எனக்குப் புரிஞ்சிருக்கும்," என்றாள். "அதுவும் இல்லன்னா எதுக்கு இங்க இன்னொரு வருசம்? அங்க ஆஸ்பத்திரியே இல்லியா? பிள்ளைங்களே இல்லியா?"

சேவை, மனநிறைவு என்று விண்ணப்பத்தில் எழுதிய சொற்கள் ஞாபகம் வந்தன. அம்மாவிடம் அவற்றைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மறுநாளைக்குத் திட்டத்தில் கடற்கரை எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு இருவரையும் சோரியாங்குப்பத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று. பத்து மாதப் பயிற்சியில், நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டால் சுவரோரம் நிற்கிற அளவுக்கு வந்திருந்தது. அம்மாவுக்குக் காட்டி அசத்திவிடலாம் என்ற திமிர் எனக்கு. குழந்தையை நிறுத்தி, அதன் தாயைப் பின்னாலிருந்து தாங்கச் சொல்லி, என் இடத்தில் அம்மாவை உட்கார வைத்தேன். முட்டியை அழுத்தாமல், விடாமல் பிடித்துக்கொள் என்று பழக்கதோஷத்தில் அதட்டினேன். அம்மா மறுபேச்சில்லாமல் பிடித்தாள்.

அவ்வளவுதான், குழந்தை வீறிட்டது. உடம்பெல்லாம் விறைத்து, கால்கள் ஒன்றின் மேல் ஒன்று பின்னிக்கொண்டன. அம்மா கொஞ்சிப் பார்த்தாள், வளையலை ஆட்டிக் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. குழந்தைக்கு மூச்சு வாங்கியது. அம்மா பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. நான் உட்கார்ந்து அதே முட்டியைப் பிடித்தேன். இரண்டு நிமிடம் விசும்பியது. பிறகு தொடை இளகியது, கால் பிரிந்தது, என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அம்மா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் தாய்தான் பேசினார்.

"இதுக்குக் கை பழகணும்மா. மின்ன பயிற்சி குடுக்க வந்தவங்க போனப்ப இவ மூணு மாசம் யாரயும் தொட வுடல. அதுக்குள்ள ஒரு காலு மடங்கிப்போச்சி."

இதைக் குறையாகச் சொல்லவில்லை, எனக்காகப் பரிந்தும் சொல்லவில்லை. அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார். அங்கேயே எங்களுக்குச் சோறு போட்டார்கள். அம்மா சாப்பிட்டாள்.

திரும்பும்போது நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. அப்பா எதிர்க்கடைக்குத் தண்ணீர் வாங்கப் போயிருந்தார். அம்மா கேட்டாள்.

"அடுத்த வருசம் முடிஞ்சா நீ வீட்டுக்கு வந்துதானே ஆவணும்? அப்ப அந்தப் பிள்ள என்னா செய்யும்?"

இந்த முறை பதில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் எனக்கே தெரியாமல் இருந்த பதில்.

"அதோட அம்மா கைக்குப் பழக்கணும்மா. இப்போ பின்னாடி நின்னு தாங்கத்தான் தெரியும். முன்னாடி உக்காந்து முட்டியப் பிடிக்கப் பழகிட்டாங்கன்னா அதுக்கப்புறம் யாரும் வர வேணாம். அதுக்கு ஒரு வருசம் ஆகும்."

அம்மா ரோட்டைப் பார்த்தாள். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். போன வருடம் என்னை அனுப்பிய பிறகு என் அறைக் கதவைத் திறந்தே வைத்திருப்பதாகவும், காலையில் மூன்று குவளை தேநீர் கலக்கிவிட்டு ஒன்றைக் கொட்டுவதாகவும் அப்போதுதான் சொன்னாள். போனில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

"எனக்குப் புடிக்கல," என்றாள். கொஞ்சம் கழித்து, "இரு," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்றுதான் பத்து நாளையும் நான் பங்கு போட்டு எழுதியிருந்தேன். கிடைத்ததும் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ரோடென்றும் பார்க்காமல் அழுதேன். அம்மா அழவில்லை. என் முதுகில் இரண்டு தட்டு தட்டி, பஸ் வருகிறது, மூஞ்சியைத் துடைத்துக்கொள் என்றாள்.