மிளகாய் பஜ்ஜி போட்ட சட்டி

திண்டிவனத்தில் எங்கள் தெருமுனை பஜ்ஜிக் கடையில் பொரித்து மிஞ்சிய கறுப்பு எண்ணெயைச் சாக்கடையில்தான் கொட்டுவார்கள். வேதிப் பொறியியல் படித்துவிட்டு, குழந்தை பிறந்ததும் வேலையை விட்டிருந்த எனக்கு அது பொறுக்கவில்லை. கேட்டு வாங்கி, வடிகட்டி, காஸ்டிக் சோடாக் கரைசல் சேர்த்துப் பாத்திரம் துலக்கும் சோப்பு செய்தேன். "யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா அன்னியோட நிறுத்திடணும்" என்பது மாமியார் போட்ட நிபந்தனை. காஸ்டிக் சோடா இருந்த மாடியறையைப் பூட்டி வைத்திருந்தேன். பூட்டினேனா என்று பார்க்கவே ஒரு நாளில் நாலு முறை படியேறுவேன். வீட்டில் ஒன்றரை வயதுப் பெண் நடமாடுகிறாள்.

நாலு வாரம் காய்ந்த முதல் சோப்பால் நாத்தனார் பாத்திரம் துலக்கினாள். அரை மணி கழித்துக் கத்தினாள்.

"அண்ணி, கை எரியுது! ஊதிக்கினே இருக்கேன், அடங்க மாட்டேங்குது."

"படிச்ச படிப்பு பாத்திரத்தயாவது வெளக்கும்னு பாத்தா, எம்பொண்ணு கையை வெளக்கிடுச்சு" என்றார் மாமியார். "கொழந்தை தொட்டிருந்தா? எல்லாத்தையும் கொண்டுபோயி கொட்டும்மா."

கணக்கு தப்பிவிட்டதா? காஸ்டிக் மிஞ்சிவிட்டதா? சோப்பைக் கரைத்துச் சோதனைத் தாளை நனைத்தேன். சோப்புக்கு வரவேண்டிய நிறம்தான் வந்தது. ஆனாலும் தாளை நம்பாமல் என் கையிலேயே தேய்த்துக்கொண்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு விரலிடுக்கில் எரிச்சல் ஏறியது. கழுவக் கழுவப் போகவில்லை. அந்த எரிச்சலை எனக்குத் தெரியும். மோர்மிளகாய் போட மிளகாய் கீறிய கையில் இருப்பது அதுதான். தேங்காய் எண்ணெய் தடவினேன், தணிந்தது. நாத்தனாருக்கும் தடவிவிட்டேன்.

"மொளகா பஜ்ஜி போட்ட சட்டி எண்ணெய் அத்தை. காஸ்டிக் இல்ல."

"அப்ப கடைக்காரன் தப்பா?"

"என் தப்புதான். எந்தச் சட்டின்னு கேக்காம வாங்கிட்டேன்."

"யார் தப்பா இருந்தா என்னா? பேச்சுன்னா பேச்சு. கொட்டு."

"இந்த சோப்பைத் தூக்கிப் போட்டுடறேன். செய்யறத நிறுத்த மாட்டேன்."

கல்யாணமாகி வந்த பிறகு அவரிடம் நான் சொன்ன முதல் 'மாட்டேன்' அது. திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"அடுத்த தடவ மொத கை உங்களோடதுதான் அண்ணி" என்றாள் நாத்தனார், விரல்களை ஊதிக்கொண்டே.

மறுநாளும் மாமியார் என்னோடு பேசவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பூரி மட்டும் சுடும் கடைக்குப் போனேன். "சட்டியில வேற எதுனா போடுவீங்களா?" என்று மூன்று முறை கேட்டேன். கடைக்காரர் சலித்துக்கொண்டார். நாலாவது முறையும் கேட்டேன்.