எங்கள் களத்து உருளைக்கல்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுதத் துணிந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன வாரம் பாலக்கோடு ரோட்டில் புதிதாகத் திறந்த ஓட்டலின் வாசலில் எங்கள் களத்து உருளைக்கல்லை வெள்ளையடித்து அழகுக்கு நிறுத்தியிருந்தார்கள். அதன் விளிம்பு உடைசலைத் தடவிப் பார்த்த உடனே, சாணி மெழுகிய தரையின் வாசமும், காய்ந்த கேழ்வரகுக் கதிர்மேல் கல் உருளும் நறநறப்பும், இன்று அந்த ஓட்டலின் கார்கள் நிற்கும் இடமாகிவிட்ட எங்கள் களமும் திரும்பி வந்தன.

எங்கள் ஊரில் கல்லை இரவல் கேட்டால் இழுக்கிற ஜோடி மாடும் கூடவே போகும். மாட்டைத் தனியாக யாரும் கேட்பதில்லை. கிணற்றடி நிலத்தை அப்பாவுக்கு விற்க மறுத்திருந்த பக்கத்துக் காட்டு மாதம்மா, புருஷனை இழந்தவள், மழை இருட்டிய ஒரு மத்தியானம் அப்பாவிடம் ஓடி வந்தாள்.

"அண்ணா, கல்லு வேணுங்க. கதுரெல்லாம் நனைஞ்சிருமுங்க."

"எடுத்துக்க தாயி."

"மாடுங்க?"

"கல்லக் கேட்ட, குடுத்துட்டன். மாட்ட எப்பக் கேட்ட?"

களத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் மறுபடி கேட்கவில்லை. அவளும், என் வகுப்பில் படித்த அவள் மகள் ராணியும் தோளில் கயிறு போட்டு, மழை விழும்வரை தங்கள் களத்தில் அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி இழுத்தார்கள். வகுப்பில் வாய் திறக்கவே கூச்சப்படும் நான், வரப்பில் நின்று, அப்பா காதில் விழட்டும் என்று, "ஹை, ஹை" என்று மாடு ஓட்டுகிற குரல் கொடுத்தேன். அப்பா சிரித்தார். ராணி திரும்பிப் பார்த்தாள். பாதிக் கதிர் நனைந்துபோனது.

மறுநாள் காலை கல்லைக் கழுவி, அவர்கள் இருவருமே இழுத்துவந்து எங்கள் களத்தில் விட்டுப் போனார்கள்.