மாவின் எடை, களியின் எடை

எங்கள் சமையலறை மேடையில் ஒரு சின்ன எடை மெஷின் இருக்கிறது. அதில் என் சாப்பாட்டை நிறுக்கிறேன். குழந்தைகள் டாக்டரின் அறையில் ஒரு பெரிய எடை மெஷின் இருக்கிறது. அதில் என் மகளைப் படுக்கவைத்து நிறுப்பார்கள். சின்னதில் எண் கூடினால் எனக்குப் பயம். பெரியதில் எண் கூடாவிட்டால் பயம். இந்த வருடம் பெரும்பாலும் இந்த இரண்டு பயங்களுக்கு நடுவில்தான் போனது.

கர்ப்பமாக இருந்தபோது எனக்குச் சர்க்கரை வந்தது. பிரசவத்தோடு போய்விடும் என்றார்கள். போகவில்லை. மாத்திரை வேண்டிய அளவுக்கும் இல்லை, விட்டுவிடலாம் என்ற அளவுக்கும் இல்லை. "ஓசூருக்கு வாக்கப்பட்டது சரியாப் போச்சு. உன் சுகர்கூட பார்டர்லதான் நிக்குது" என்றார் என் கணவர். சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பா சர்க்கரையில் கால் விரலை இழந்தவர்.

டயட்டீஷியன் ஒரு கலோரி அளவு சொன்னார். அதற்கு மேலும் போகக் கூடாது, பால் கொடுப்பதால் கீழேயும் போகக் கூடாது. "கண் அளவை மட்டும் நம்பாதீங்க. எல்லாரும் குறைச்சுத்தான் சொல்வாங்க. ஒரு மெஷின் வாங்கிடுங்க" என்றார். போனில் ஒரு செயலியும் போட்டுக் கொடுத்தார். சாப்பிட்டதன் பெயரையும் எடையையும் போட்டால் அதுவே கூட்டிச் சொல்லும்.

மெஷினை என் கணவர்தான் வாங்கி வந்தார். வண்டி உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. அளவு என்றால் அவருக்கு ஒரு தனி உற்சாகம். கிண்ணத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு அப்புறம் சாப்பாட்டைப் போட வேண்டும் என்று, புது ஆளுக்குப் பயிற்சி கொடுப்பதுபோல் காட்டினார். நான் வேதியியல் படித்தவள். இதைவிடச் சின்ன எடைகளையெல்லாம் கல்லூரியில் நிறுத்திருக்கிறேன். ஆனாலும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். எதையும் தவறாகச் செய்துவிடக் கூடாது என்று இருந்தது.

நான் பிறந்தது விருதுநகர்ப் பக்கம். அங்கே எங்கள் வீட்டில் ராகிக் களி செய்து பார்த்ததே இல்லை. இங்கே களி இல்லாமல் ஒரு நாள் போகாது. எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் என் மாமியார், அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன், மதியத்தோடு இரவுக்கும் களி கிண்ட ஆரம்பித்தார். சுடச்சுட இருக்கும்போதே கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உருட்டி, தட்டில் வைத்து, பக்கத்தில் கீரைக் குழம்பு ஊற்றுவார். மெல்லக் கூடாது, பிட்டு நனைத்து விழுங்க வேண்டும். அதைப் பழகவே எனக்குப் பல மாதம் ஆனது.

தட்டு வந்ததும் நான் உருண்டையை எடுத்து மெஷினில் வைப்பேன். செயலியில் களி என்று தேடியபோது எதுவும் கிடைக்கவில்லை. ராகி என்று போட்டேன், கிடைத்தது. எடையைக் கொடுத்ததும் அது காட்டிய கலோரியைப் பார்த்துத் திடுக்கிட்டேன். ஒரு உருண்டையிலேயே பாதி நாளுக்கான அளவு முடிந்துவிட்டது. அன்றிலிருந்து உருண்டையில் பாதிக்கு மேல் பிய்த்துப் பாத்திரத்தில் திரும்பப் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டேன்.

அத்தை அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"ஏம்மா, கறிக்கடைக்காரன்கூட நிறுத்த பின்னாடி ஒரு துண்டு சேத்துத்தான் போடுவான். நீ என்ன, தட்டுல வெச்சத எடுக்கற?"

"அளவு தாண்டுது அத்தை."

"யாரு அளவு?"

போனைக் காட்டினேன். அவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "அதுக்குப் பால் குடிக்கற புள்ள இருக்குதா?" என்று கேட்டார்.

மறுநாள் உருண்டை பெரிதாக இருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் பெரிதாக. நான் பிய்ப்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு உருட்டுகிறார் என்று தெரிந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. உருண்டை எவ்வளவு பெரிதானாலும் மெஷினில் அதே எண் வரும்வரை பிய்த்தேன். இப்படியே கொஞ்ச நாள் போனது. பிறகு உருண்டைகள் மெல்லச் சிறிதாகின. கடைசியில் பிய்க்கவே தேவையில்லாமல் சரியான எடையில் வந்தன. அத்தையின் கை மெஷினுக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என் எடை இறங்கியது. டயட்டீஷியன் பாராட்டினார். "உங்க அளவுக்கு யாரும் ஒழுங்கா கணக்கு போடறதில்ல" என்றார். அந்தப் பாராட்டை வீட்டுக்கு வரும் வழியெல்லாம், ஷேர் ஆட்டோவில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப நினைத்தேன். குளித்தால் கைநிறைய முடி வந்தது. துணி காயப்போட மாடிக்கு ஏறினால் நடுவில் உட்கார வேண்டியிருந்தது. பிள்ளை பெற்றவர்கள் எல்லாருக்கும் இப்படித்தான் என்று படித்திருந்தேன். களைப்பாக இருப்பது சரியாக நடந்துகொள்வதன் அடையாளம் என்றுகூட ஒரு எண்ணம் இருந்தது.

விட்டுப்போயிருந்த ஒரு தடுப்பூசியை ஐந்தாம் மாதத்தில் போடப் போனபோதுதான் பெரிய மெஷின் வேறு விதமாகப் பேசியது. டாக்டர் எண்ணைப் பார்த்தார், போன தடவை எழுதியதைப் பார்த்தார், பாப்பாவை இறக்கி மறுபடியும் படுக்கவைக்கச் சொன்னார். அதே எண்.

"ஏறவே இல்லையேம்மா. பால் பத்துதா?"

"குடிக்கிறா டாக்டர்."

"குடிக்கிறா, சரி. பத்துதா?"

அதை எப்படி நிறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் பவுடர் பால் ஆரம்பித்துவிடலாம் என்றார். அதில் தவறொன்றும் இல்லை, எத்தனையோ குழந்தைகள் குடிக்கின்றன என்று அவரே சொன்னார். எனக்கும் தெரியும். ஆனால் சர்க்கரை வந்த தாயின் குழந்தைக்குத் தாய்ப்பால் நல்லது என்று பிரசவத்தின்போது இன்னொரு டாக்டர் சொன்னது மனதில் பதிந்துவிட்டது. இந்த உடம்பால் அவளுக்கு முதலிலேயே ஒரு கெடுதல் செய்தாகிவிட்டது, பாலையாவது ஒழுங்காகக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதுவும் கை நழுவப் பார்த்தது.

வீட்டில் சொன்னேன். அத்தை பூண்டு உரித்துப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார். அதையும் நிறுத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரம் சிங்காரப்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டில் வளைகாப்பு. அத்தை போய்விட்டார். கணவருக்கு மதியம் இரண்டு மணிக்குக் கம்பெனி பஸ். அதற்குள் அவருக்குச் சாப்பாடு வேண்டும். முதல்முறையாக நானே களி கிண்டலாம் என்று அத்தைக்குப் போன் செய்தேன். பின்னால் ஒரே கூச்சல், தட்டுகள் சத்தம்.

"எவ்வளவு மாவு போடணும் அத்தை?"

"ரெண்டு பேருக்கு எவ்வளவோ அவ்வளவு போடு கண்ணு."

"அது எவ்வளவுன்னுதான் கேக்கறேன்."

"கை பாத்துப் போடு. கட்டி தட்டாம கிண்டு. அடி புடிக்காம பாத்துக்க." யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டார்.

என் கைக்கு எதுவும் தெரியாது. அதனால் மாவை மெஷினில் போட்டேன். நான் சாப்பிடும் களி எவ்வளவு, அவர் சாப்பிடுவது எவ்வளவு என்று பார்த்து, இரண்டையும் கூட்டி, அந்த எடைக்கு மாவை அள்ளினேன். டப்பாவில் பாதி காலியானது. அத்தை இவ்வளவு அள்ளிப் பார்த்ததே இல்லை. சந்தேகப்பட்டுக் கொஞ்சத்தை டப்பாவில் போட்டேன். இன்னும் சந்தேகம். இன்னும் கொஞ்சம் போட்டேன். கடைசியில் கிண்ணத்தில் மிஞ்சியது பாதிகூட இல்லை. அதன் எடையைப் பார்த்துக்கொண்டேன். கொதிக்கும் தண்ணீரில் கொட்டி, வேகவிட்டு, கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டினேன். கட்டி தட்டியது. எப்படியோ இரண்டு கோணல் உருண்டைகள் வந்தன. பழக்கத்தில் ஒன்றை எடுத்து மெஷினில் வைத்தேன்.

அந்த ஒரு உருண்டை, நான் போட்ட மொத்த மாவைவிட அதிக எடை இருந்தது.

மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிரிக்காத அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தேன். சரியாகக் காட்டியது. உருண்டையை மறுபடி வைத்தேன். அதே எண். இரண்டாவது உருண்டையையும் பக்கத்தில் வைத்தேன். மாவைப் போல் மூன்று பங்கு இருந்தது. பாத்திரத்தின் ஓரத்தில் இன்னும் நீராவி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் புரிந்தது. மிச்சமெல்லாம் தண்ணீர்.

போனை எடுத்தேன். செயலியில் ராகி என்று இருந்ததைத் தொட்டால் கீழே சின்ன எழுத்தில் மாவு என்று இருந்தது. இத்தனை நாளும் தண்ணீரை மாவாகக் கணக்கு வைத்திருக்கிறேன். சாதத்துக்கு வெந்த சாதம் என்று தனியாக இருந்ததால் அதில் தவறவில்லை. களியை மட்டும், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மூன்று மடங்காக எழுதி, அதற்கு ஏற்றபடி பிய்த்துப் போட்டிருக்கிறேன். டயட்டீஷியன் இதற்குக் கீழே போகக் கூடாது என்ற கோட்டுக்கு எவ்வளவோ கீழே இருந்திருக்கிறேன், அவர் பாராட்ட.

கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். சொன்னேன்.

"ஈரத்தோட நிறுத்துட்டு, காஞ்சதுக்குக் கணக்கு எழுதியிருக்க. எங்க கம்பெனியா இருந்தா மெமோ குடுத்து..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உட்கார்ந்தார். தன் தட்டில் இருந்த உருண்டையைப் பாதியாக்கி என் தட்டில் வைத்தார். "கட்டி கட்டியாத்தான் இருக்குது. பரவால்ல, சாப்புடு" என்றார். தெருமுனையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வாயில் களியோடு ஓடினார்.

அத்தை மறுநாள் வந்தார். "நான் அப்பவே சொன்னனே" என்று அவர் சொல்வதைக் கேட்கத் தயாராக இருந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக்கூட நன்றாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பையிலிருந்து வளைகாப்பு வளையல்களை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்:

"நானும்தான கொறச்சேன்."

"நீங்க என்ன குறைச்சீங்க?"

"நீ தெனம் பிச்சுப் பிச்சு வெச்சா எனக்கு எப்பிடி இருக்கும்? எச்சில ஒதுக்கற மாதிரி இருந்துச்சு. எதுக்கு இந்த வம்புன்னு சின்னதா உருட்ட ஆரம்பிச்சுட்டேன். வேணும்னா கேக்கட்டும்னு இருந்தேன். நீயும் கேக்கல."

மெஷினுக்குப் பழகியது என்று நான் நினைத்த கை அதுதான். கோபம் வந்தால் சிறிதாகவும் பாவம் என்று தோன்றினால் பெரிதாகவும் உருட்டும் கை. அதைப் போய் எப்படி நம்புவது? ஆனால் மெஷினை நம்பி நிறுத்ததிலும் அளவு தப்பித்தானே போனது. பாப்பா வளையலைப் பிடித்து இழுத்து வாயில் வைத்தாள். அத்தை அதை மெதுவாகப் பிடுங்கினார்.

டயட்டீஷியனிடமும் போனில் சொன்னேன். "வேகாத மாவை நிறுத்துட்டு, கிண்டினதை எத்தனை பேருக்குப் பங்குன்னு போடுங்க" என்றார். இனி எடை இவ்வளவு வேகமாக இறங்காது, சர்க்கரைக்கு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். சரி என்றேன்.

அடுத்த மாதம் பெரிய மெஷினில் பாப்பாவைப் படுக்கவைத்தபோது நான் எண்ணைப் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதைத்துக்கொண்டே இருந்தாள், எண் நிற்கும்வரை டாக்டர் காத்திருந்தார்.

"ஏறியிருக்கு" என்றார் டாக்டர். "இன்னும் ஏறணும். ஆனா ஏறியிருக்கு. பவுடர் இப்ப வேண்டாம், பால் குடுங்க, பார்ப்போம்."

நான் குறைவாகச் சாப்பிட்டதால்தான் அப்படி ஆனதா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். போன மாதம் அவளுக்குச் சளி வேறு இருந்ததே என்றார். நிச்சயமாக ஒன்றைச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஆட்டோ கிடைக்க வெகுநேரம் ஆனது.

வீட்டுக்கு வந்தபோது அத்தை அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தார். ஏறியிருக்கிறது என்றேன். "ம்" என்றார். மாவு டப்பாவையும் கிண்ணத்தையும் மெஷினுக்குப் பக்கத்தில் நகர்த்தி, "எவ்வளவுன்னு நீயே போடு. அப்புறம் என்னக் கேக்காத" என்றார். நிறுத்துக் கொடுத்தேன். கொதித்த தண்ணீரில் அதைக் கொட்டிக் கிண்டினார். மூன்று பேருக்கு மூன்று உருண்டை உருட்டினார். ஒன்று மற்ற இரண்டைவிடப் பெரிதாக இருந்தது. அதை எனக்கு வைத்துவிட்டு, குழம்பை அதன்மேல் ஊற்றினார். வழக்கமாகப் பக்கத்தில்தான் ஊற்றுவார். குழம்பு ஊற்றிய உருண்டையை எடுத்து மெஷினில் வைக்க முடியாது.

செயலியில் மூன்றில் ஒரு பங்கு என்று போட்டேன். அது மூன்றில் ஒன்று இல்லை என்று எனக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனை வரும்போது வரட்டும். உள் அறையில் பாப்பா சிணுங்க ஆரம்பித்தாள். அவள் முழுதாக அழுவதற்குள் சூட்டோடு ஒவ்வொரு வாயாகப் பிட்டு விழுங்கினேன்.