எழுபத்து மூன்று வரிசை

ஆதிநாராயணன் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். படிப்பு அஞ்சாவது. ஆனால் எந்த எண்ணைச் சொன்னாலும் அது எத்தனை எத்தனையாக உடையும் என்று நின்ற இடத்தில் சொல்லிவிடுவார். பட்டறைக்கு அது வேண்டியிருந்தது. சூளையிலிருந்து இறங்கும் பியூஸ் கட்டைகளைப் பெட்டியில் அடைக்குமுன் தரையில் சமமான வரிசைகளாகப் பரப்புவார்கள். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் மொத்தம் சரியா என்று தெரிந்துவிடும். வரிசைக்கு எத்தனை என்று ஆதிநாராயணன் வாயைத் திறக்கும்வரை ஒருத்தரும் ஒரு கட்டையைக் கீழே வைக்க மாட்டார்கள். அவருக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான்.

அன்றைக்குச் சூளைத் தட்டுகளை எண்ணி வந்த கணக்கு பத்தாயிரத்து ஒன்று.

"நூத்துக்கு நூறு. ஒண்ணு மிஞ்சும், தனியா வையி" என்றார்.

வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆன ஜெயமேரி குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். "மிஞ்சாதுங்கண்ணே. வரிசைக்கு நூத்து முப்பத்தேழு வெச்சா எழுபத்து மூணு வரிசை. கணக்கா உக்காந்துடும்."

"நாப்பத்தேழு வரைக்கும் வகுத்துப் பாத்துட்டேன். ஒடையாத நம்பரு அது."

"ஏண்ணே அதோட நிறுத்திட்டீங்க? நூறு வரைக்கும் போவணும். ரெண்டா ஒடைஞ்சா சின்னது நூத்துக்குள்ளதான இருக்கும்?"

முதலாளி கோவிந்தசாமி சிரித்துவிட்டார். "பரப்பிப் பாத்துடுவோம். உக்காந்துட்டா நாளையிலேருந்து வரிசை சொல்றது நீதான்மா."

ஆதிநாராயணன் திரும்பி நின்று உள்ளங்கையில் விரலால் பெருக்கிப் பார்த்தார். சரியாக வந்தது. தப்பாக இருந்திருந்தால் அவளை மன்னித்திருப்பார். சரியாக இருந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் தனக்குத் தோன்றாதது, நேற்று வந்தவளுக்கு எப்படித் தோன்றியது? எல்லோரும் குனிந்திருந்த நேரம் பார்த்து ஒரு கட்டையை எடுத்துத் தன் சோற்றுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் பரப்பி முடித்தார்கள். கடைசி வரிசையின் மூலையில் ஒரே ஒரு இடம் காலி.

"ஜெயமேரி, ஒன் கணக்குக்கு ஒரு பல்லு போயிடுச்சுடி!" என்று கூடப் பரப்பிய துர்கா சிரித்தாள்.

"நான்தான் சொன்னேனே" என்றார் ஆதிநாராயணன்.

ஜெயமேரி மூலையையே பார்த்தாள். "நீங்க ஒண்ணு மிஞ்சும்னுதானண்ணே சொன்னீங்க? இப்ப இருக்கறத நூத்துக்கு நூறு வெச்சாக்கூட மிஞ்சாதே. கட்டைதான் ஒண்ணு காணோம்."

அவருக்குச் சுருக்கென்றது. எண்ணிலேயே இருபத்திரண்டு வருஷம் புழங்கியவர், தன் எண்ணையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறார்.

"எல்லாப் பையையும் ஒதறுங்க" என்றார் முதலாளி.

மற்றவர்கள் கை தன் பைக்கு வருமுன் ஆதிநாராயணனே போய்க் கட்டையை எடுத்து வந்து மூலையில் வைத்தார். துர்காதான் பொறுக்காமல், "சோத்துக்குத் தொட்டுக்க எடுத்தீங்களாண்ணே?" என்றாள்.

பரப்பிய வரிசைகளில் ஒரு இடுக்கு, ஒரு கோணல் கிடைக்காதா என்று அவர் கண் நான்கு மூலையும் தேடியது. கிடைக்கவில்லை.

மறுநாள் காலை எல்லோரும் கையில் கட்டையோடு ஜெயமேரியின் வாயைப் பார்த்து நின்றார்கள். அவரும் நின்றார். அவள் சொன்ன அதே எண் அவருக்கும் வந்திருந்தது. ஒரு மூச்சு முந்தியே வந்திருந்தது.

சத்தம் போடாமல் குனிந்து முதல் கட்டையை வைத்தார்.