இல்லாத எண்ணில் எடுத்தவள்

இது நடந்தது. ஜோடித்துச் சொல்ல என்னிடம் ஆயிரம் கதை இருக்கிறது. இதைச் சொல்லும்போது மட்டும்தான் எனக்கு வாயில் எச்சில் ஊறிக் குமட்டுகிறது. சந்தேகம் இருந்தால் நெவெனாவையே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். அவள் இப்போது போன் வைத்துக்கொள்வதில்லை.

பிளோவ்டிவ் நகரத்தில் ஒரு செல்போன் கம்பெனி. பெயர் வேண்டாம். நெவெனாவுக்கு அங்கே சந்தாதாரர் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. உங்கள் போனில் மணி அடிக்க வேண்டுமென்றால், கம்பெனியின் நடு சர்வரில் உங்களுக்கென்று ஒரு பதிவு இருக்க வேண்டும். எண் என்ன, சிம் எது, இப்போது எந்த டவரின் கீழே நிற்கிறீர்கள், நீங்கள் எடுக்காவிட்டால் அழைப்பை எந்த எண்ணுக்குத் திருப்புவது... எல்லாம் அதில் இருக்கும். பதிவு இல்லையென்றால் அந்த எண்ணே உலகத்தில் இல்லை. கூப்பிட்டால் மணி அடிக்காது.

செத்தவர்களின் பதிவை அழித்துவிட வேண்டும் என்பது விதி. கம்பெனி அழிக்காது. பிணங்களையும் சேர்த்து எண்ணினால்தான் சந்தாதாரர் கணக்கு கொழுக்கும், மேலே இருப்பவர்களுக்கு போனஸ் வரும். நெவெனாவுக்கு அது அருவருப்பாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வருடமாக அருவருத்துக்கொண்டே சம்பளம் வாங்கினாள்.

அன்று சனிக்கிழமை, இறந்தவர்களுக்குப் படைக்கும் நாள். வேகவைத்த கோதுமையும் ஒயினுமாக ஊரே கல்லறைக்குப் போயிருந்தது. நெவெனா போகவில்லை. அம்மாவைப் புதைத்தது மலைமேல், ஸ்மோலியானுக்குப் பக்கத்துக் கிராமத்தில். போனால் அப்பா ஸ்தாமெனின் புலம்பலைக் கேட்க வேண்டும். அங்கே தனியாக இருக்கிறார். தினமும் மகளை அழைத்து, குளிர்கிறது என்பார், முட்டி வலிக்கிறது என்பார். பாதி நாள் இவள் எடுக்கமாட்டாள். மூன்று வாரமாக அவர் அழைக்கவேயில்லை. கோபமாக இருப்பார், இருக்கட்டும் என்று இவளும் நிம்மதியாக விட்டுவிட்டாள்.

மதியம் ஒன்றரை மணி. அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. மனசு உறுத்தவே, மேஜைத் தொலைபேசியில் அப்பாவை அழைத்தாள்.

"என்னம்மா, இப்பத்தானே பேசிட்டு வெச்ச. எதையாவது மறந்துட்டியா?" என்றார். குரலில் அப்படி ஒரு குஷி.

நான் பேசவில்லையே என்றாள். அவர் சிரித்தார். மூன்று வாரமாகத் தான் எப்போது கூப்பிட்டாலும் மகள் எடுத்துவிடுகிறாள், மணிக்கணக்காகப் பேசுகிறாள் என்று பக்கத்து வீட்டு ருஸ்காவிடம்கூடப் பெருமையடித்துவிட்டாராம். ஒரே ஒரு குறைதானாம்.

"வாய் நெறையச் சோத்த வெச்சுக்கிட்டுப் பேசுற பாரு, தொட்டியில பன்னி திங்கற மாதிரி இருக்கு. காது கூசுது."

அவள் கேட்டுக்கொண்டபடியே பன்றிக்கறியைக் கொட்டாமல் வைத்திருக்கிறாராம். கெட்டுப்போன பிறகுதான் ருசி என்று சொன்னாளாம். இரண்டு வாரத்துக் கறி. வீடே நாறுகிறதாம். புழு வைத்ததைப் பார்த்து எறியப் போனவரைத் தடுத்து, அப்படியே இருக்கட்டும், நான் வந்து தின்கிறேன் என்றாளாம். இன்றைக்கு வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறாளாம்.

நெவெனா எப்படியோ பேச்சை முடித்துவிட்டு, சர்வரில் தன் பதிவைத் திறந்தாள். எடுக்காத அழைப்புகளைத் திருப்பும் இடத்தில் ஏதோ ஒரு எண் இருந்தது. அவள் போட்டதல்ல. தன் போன் ஒருமுறை அடிப்பதற்குள் அழைப்பு அங்கே போய்விடும்படி வைத்திருந்தது. சிநேகிதர்கள் எல்லாரும் இணையச் செயலியில் பேசுகிறவர்கள், அவர்களை இது தொடாது. இந்தக் காலத்தில் எண்ணை அழுத்திக் கூப்பிடுகிறவர்கள் பெற்றவர்கள் மட்டும்தான்.

அந்த எண் யாருடையது என்று தேடினாள்.

பதிவு இல்லை.

கூட வேலை செய்யும் கலோயானைச் செயலியில் பிடித்தாள். மாமனார் வீட்டுக் கல்லறையில், கையில் கோப்பையோடு நின்றிருந்தான். மூன்று வாரத்துக்கு முன்பு ஊழியர்களின் போன்களை எல்லாம் புதிய கட்டணத் திட்டத்துக்கு மாற்றியது அவன்தான். ஒவ்வொரு பதிவாக உட்கார்ந்து செய்யச் சோம்பல்பட்டு, ஏதோ ஒரு பதிவை மாதிரியாக எடுத்து எல்லார் மேலும் நகல் போட்டிருக்கிறான். பெயரையும் எண்ணையும் சிம்மையும் மாற்றினான். திருப்பும் எண்ணை அழிக்க மறந்துவிட்டான். மாதிரிக்கு எடுத்தது, செத்துப்போன ஒருத்தியின் பதிவு.

"செத்தவங்க புகார் குடுக்க மாட்டாங்கல்ல, அதான்," என்றான். "யாரோ ஒரு கெழவி. விடு நெவெனா, திங்கக்கெழம பாத்துக்கலாம்."

அவளால் விட முடியவில்லை. மேஜைத் தொலைபேசியில் அந்த எண்ணை அழுத்தினாள். மணி ஒன்று ஐம்பது.

அடிக்கக் கூடாது. பதிவே இல்லாத எண்.

அடித்தது.

எடுத்தார்கள்.

முதலில் மெல்லும் சத்தம். சளக்... சளக்... சளக். எலும்பை உறிஞ்சுவதுபோல் ஒரு நீண்ட இழுப்பு. பிறகு, அவளுடைய குரலிலேயே...

"அப்பா, சாப்ட்டீங்களா?"

நெவெனாவின் காது ஈரமாக இருந்தது. ரிசீவரை விலக்கிப் பார்த்தாள். அதன் பொத்தல்களிலிருந்து மஞ்சளாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது. உருகிய கொழுப்பு. அழுகிய வாடை. குப்பைத் தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

தன் பதிவிலிருந்து அந்த எண்ணை அழித்தாள். போனது. திரையைப் புதுப்பித்தாள். திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

அந்த எண்ணை மறுபடி தேடினாள். இப்போது பதிவு இருந்தது. பெயர் இல்லை, சிம் இல்லை. டவர் மட்டும் இருந்தது. அசெனோவ்கிராத்.

புதுப்பித்தாள். பாச்கோவோ.

மறுபடியும். செபெலாரே.

அது அப்பா வீட்டுக்குப் போகிற சாலை. கார் அவ்வளவு வேகமாகப் போகாது.

கலோயான் மேஜையிலிருந்த தொலைபேசியில் அப்பாவை அழைத்தாள்.

"அப்பா, கதவத் தெறக்காதீங்க. வர்றது நான் இல்ல."

"அப்ப நீ யாரு?"

"நான்தான் நெவெனா."



"அவ தெனமும் சாப்ட்டீங்களான்னு கேக்குறா. நீ எப்பக் கேட்ட?"



டொக்... டொக்.

போனை மேஜைமேல் வைக்கிற சத்தம். செருப்புச் சத்தம். தாழ்ப்பாள்.

பிறகு... சளக்... சளக்.

காரை விரட்டிக்கொண்டு அவள் மலையேறும்போது இருட்டிவிட்டது. அப்பா உயிரோடுதான் இருந்தார். வயிறு நிறைந்த மனிதரைப்போல அடுப்போரம் உட்கார்ந்திருந்தார். கறிப் பாத்திரம் துளி மிச்சமில்லாமல் நக்கப்பட்டிருந்தது. எதிர் நாற்காலியில் பிசுபிசுவென்று ஈரம். இப்பத்தானே போன, அதுக்குள்ள எதுக்கு வந்த என்று கேட்டார். அவர் கன்னத்தில் அது முத்தமிட்ட இடம் கொழுப்பில் மினுங்கியது. கைக்குட்டையால் துடைத்தாள். அந்த நாற்றம் விரலைவிட்டுப் போக வெகுநாள் ஆயிற்று.

ஞாயிறு முழுவதும் கெஞ்சிப் பார்த்தாள். பிளோவ்டிவுக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். நீதான் இங்க வர்றியே, நான் எதுக்கு அங்க வரணும் என்றார். கிழவியின் மூலப் பதிவைச் சர்வரிலிருந்து பிடுங்கினால் ஒழிய இது தீராது, அதற்குக் கலோயானின் அனுமதியும் சேர வேண்டும். ருஸ்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, திங்கள் விடியலில் கிளம்பினாள்.

பதினொரு மணிக்கு இருவருமாக அந்தப் பதிவை அழித்தார்கள். நகல்களையும் துடைத்தார்கள். இந்தமுறை திரும்பி வரவில்லை. மூன்று வாரமாக ஒரு புகார்கூட வராத அலுவலகத்தில் அப்புறம்தான் புகார் குவிந்தது. எல்லாம் ஊழியர்களைப் பெற்றவர்கள். என் மகன் ஏன் பேசமாட்டேன் என்கிறான், என் மகளுக்கு என் மேல் என்ன கோபம் என்று அழுதார்கள். விஷயம் மேலே போனது. மேலதிகாரி ஒருவர், இதையே மாதச் சந்தாவில் விற்க முடியுமா என்று கேட்டார். நெவெனா இதைச் சொல்லும்போது தரையில் துப்புவாள்.

மூன்று மணிக்கு அப்பாவை அழைத்தாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. மறுபடி காரில் மலைக்கு ஓடினாள். கதவு திறந்தே கிடந்தது. மேஜையில் இரண்டு தட்டு. அப்பா இல்லை. நீதானே மத்தியானம் அவரைக் கைத்தாங்கலாகக் காட்டுப் பக்கம் கூட்டிப் போனாய் என்றாள் ருஸ்கா. போலீஸ் தேடியது. ஸ்தாமென் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான், லைனை வெட்டியது யார் என்று நெவெனா விசாரித்தாள். வாடிக்கையாளர் சேவையில் அழைப்பின் ஒலிப்பதிவு இருந்தது. திங்கள் பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடம். அவள் அலுவலகத்தில் இருந்த நேரம்.

"லைன வெட்டிடும்மா," என்கிறார் அப்பா. "எம்பொண்ணு வீட்டோட வந்துட்டா. இனிமே போன் எதுக்கு."

லைன் மகள் பெயரில் இருக்கிறது, அவரிடம் கொடுங்கள் என்கிறாள் சேவைப் பெண். போன் கைமாறுகிறது. மெல்லும் சத்தம் நெருங்கி வருகிறது. முழுப்பெயர், பிறந்த தேதி, அடையாள எண், ரகசியக் கேள்விக்கான பதில்... கேட்டதையெல்லாம் நெவெனாவின் குரல் தயங்காமல் சொல்கிறது.

சேவைப் பெண் சர்வரில் ஒப்பிட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. லைனை வெட்டிவிட்டு, நன்றி சொல்லி வைத்தாள்.