ஓட்டைக் கல்சட்டி

மகளின் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த அன்று, பரண்மேல் நான் சாக்குத்துணியில் சுற்றி ஒளித்து வைத்திருந்த கல்சட்டியை அவளே இறக்கிக் கொண்டுவந்து வெண்கலப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதன் அடியில், சரியாக நடுவில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. “சம்பந்தி வீட்டுல பார்த்தா என்னடி நினைப்பாங்க?” என்றேன். “ஓட்டைன்னு நினைப்பாங்க” என்றாள். நான் எடுத்து உள்ளே வைப்பேன்; அவள் மறுபடி கொண்டுவந்து வைப்பாள். கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். அப்போதெல்லாம் அந்தச் சட்டியைத் தொட்டாலே என் கை கொஞ்சம் நடுங்கும். அதில் ஓட்டை போட்டவரைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

செங்கல்பட்டுக்கு வெளியே, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே, ஒரு சின்ன வானொலி நிலையம் சில வருஷங்கள் இருந்தது. பட்டணத்து நிகழ்ச்சிகளை வாங்கி மத்திய அலையில் திருப்பி அனுப்புவதும், மாலையில் கொஞ்ச நேரம் விலைவாசி, மழை நிலவரம், மாதர் நிகழ்ச்சி என்று சொந்தமாகப் பேசுவதும்தான் அதன் வேலை. பேச்சு என்னுடையது. பள்ளிக்கூட வேலையை விட்டு அங்கே அறிவிப்பாளராகச் சேர்ந்திருந்தேன். கணவர் உத்தியோகத்துக்காக வடக்கே இருந்தார். நானும் மகளும் நிலையத்தின் குடியிருப்பிலேயே இருந்தோம். பேச்சைத் தவிர மற்ற எல்லாம் எஞ்சினியர் பாயுடைய பொறுப்பு. செங்கல்பட்டுக் கடைத்தெருவில் ஜவுளி வியாபாரம் செய்த குடும்பம் அவருடையது. பட்டணத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர். பேச்சு மட்டும் கடைத்தெருவை விட்டு வரவில்லை.

சோதனைக்காகப் போட்ட நிலையம் என்பதால் மேலிடத்தில் யாருக்கும் அதன்மேல் பிடிப்பில்லை. உதிரிச் சாமான் கேட்டால் பதிலே வராது. ஒலிபரப்பும் டிரான்ஸ்மிட்டருக்குள் பல்புபோல எரியும் வால்வு ஒன்று போனால் அடுத்தது எப்போது கிடைக்குமோ என்று, வால்வுகளுக்குத் தர வேண்டிய மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்தே கொடுத்து அவற்றின் ஆயுளை நீட்டிக்கொண்டிருந்தார் பாய். “வயசானவங்களுக்குக் கஞ்சி ஊத்தற மாரி, அரை வயித்துக்கு” என்பார். ஒலியை அனுப்பும் இரும்புக் கோபுரத்தைச் சுற்றிப் பூமிக்குள் செப்புக் கம்பிகள் சக்கரத்து ஆரங்களைப் போலப் புதைந்திருந்தன. மண் ஈரமாக இருந்தால்தான் ஒலி தூரம் போகும். கோடையில் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் போய், கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் திருப்பும்படி கேட்டு நிற்பார். “இன்னா பாய், உங்க ரேடியோவுக்குத் தாகமா?” என்று அவர் கிண்டல் செய்வார். “ஆமா அண்ணாத்த, தொண்ட காஞ்சிகினு கீது, எப்டிப் பாடும்?” என்பார் இவர். சிரிப்போடு தண்ணீரும் வந்துவிடும்.

ஒரு முறை மேலதிகாரி ஒருவர் வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதை யார் கேட்கிறார்கள்? ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லையே, எதற்கு இந்தச் செலவு?” என்றார். “ஓடற வரைக்கும் எவனும் கேக்க மாட்டான் சார். நின்னாத்தான் கேப்பான்” என்றார் பாய். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மழைக்காலத்தோடு நிலையத்தை மூடிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட ஆரம்பித்தது.

அந்த ஐப்பசியில்தான் ஒரு நாள், என் மகளின் வகுப்புப் பெண்களைத் தலைமையாசிரியை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனார். மகளுக்கு அப்போது பதினான்கு வயது. காலையில் வெறும் மேகமூட்டம்தான். அந்நாளில் மாமல்லபுரம் போக பஸ்ஸை விட்டு இறங்கிக் கால்வாயைப் படகில் தாண்ட வேண்டும்; திரும்பவும் அப்படியே. விளக்கு வைக்கும் நேரத்தில் படகேறிக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பதாகத் திட்டம். மத்தியானம் பட்டணத்திலிருந்து தொலைபேசி வந்தது. புயல் திசை மாறி எங்கள் கரைப் பக்கம் வருகிறது. யாரும் கடலிலும் கால்வாயிலும் படகை இறக்க வேண்டாம் என்று மாலையில் அறிவிக்க வேண்டும். மாமல்லபுரத்துத் தந்திக் கம்பி அதற்குள் அறுந்துவிட்டது. சைக்கிளில் ஓர் ஆளை அனுப்பினோம்; வழியெல்லாம் மரம் சாய்ந்து, திருக்கழுக்குன்றத்தைத் தாண்ட முடியாமல் அவன் நின்றுவிட்டது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அந்த ஊருக்குப் போய்ச் சேரக்கூடியது என் குரல் ஒன்றுதான். அங்கே பஞ்சாயத்து ரேடியோ மாலையில் ஒலிபெருக்கியில் பாடும்; கடைத்தெரு முழுக்கக் கேட்கும்.

அறிவிப்பை நான் எழுதிக்கொண்டிருந்தபோது டிரான்ஸ்மிட்டர் அறையில் படாரென்று சத்தம். டிரான்ஸ்மிட்டரிலிருந்து கோபுரத்துக்குப் போகும் தாமிரத் தண்டு சுவரைத் தாண்டும் இடத்தில் ஒரு பீங்கான் கிண்ணம் உண்டு. கிண்ணத்தின் நடு ஓட்டை வழியாகத் தண்டு வெளியே போகும். மின்சாரம் ஈரச் சுவரில் இறங்கிவிடாமல் காப்பது அந்தக் கிண்ணம்தான். காற்றில் முறிந்த கிளையொன்று தண்டின்மேல் விழுந்ததில் கிண்ணம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மாற்றுக் கிண்ணம் கேட்டு மாதக்கணக்கில் ஆகிறது. ஜன்னல் வழியாக ஒரு கம்பியை வெளியே விட்டுப் பார்த்தார் பாய். காற்று அதைச் சுவரில் மோதிப் பொறி பறக்கவைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டு நின்றவர், சட்டென்று என்னைப் பார்த்து, “தங்கச்சி, வூட்டுல கல்சட்டி கீதா?” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “மாக்கல்லுமா! பீங்கான் மாரியே கரண்டத் தடுக்கும். ஓடு!”

ஓடினேன். என்னிடம் இரண்டு கல்சட்டிகள் இருந்தன. எதை எடுப்பது என்று யோசிக்கவே இல்லை. நல்ல சட்டி என்றால் பழகிய சட்டிதானே? என் கல்யாணச் சீரில் வந்து, எண்ணெயும் புளியும் ஏறிக் கன்னங்கரேலென்று மின்னிக்கொண்டிருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவசரத்தில் பாயும் யோசிக்கவில்லை. கை டிரில்லைச் சுற்றச் சுற்றக் கல் மாவாக உதிர்ந்தது. தண்டை நுழைத்து, சட்டியைச் சுவரோடு இறுக்கி, சுவிட்சைப் போட்டார். உஸ்ஸென்று சட்டி சீறியது. நீலப் பொறிகள் அதன்மேல் ஊர்ந்தன. அறை முழுக்க வத்தக்குழம்பு வாசனை. “சார், கொதி வந்துடிச்சி, எறக்கிடலாம் சார்” என்றார் கூட நின்றிருந்த நிலையத்து வாட்ச்மேன். பாய் சுவிட்சை அணைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். “உப்பு! இத்தினி வருசத்து உப்பும் புளியும் கல்லுக்குள்ள கீது, கரண்டு அதுல ஓடுது. எம் புத்தி எங்க போச்சு? பழகாத சட்டி வேணும் தங்கச்சி. அடுப்பையே பாக்காத சட்டி.”

இன்னொன்று அப்படிப்பட்டதுதான். திருக்கழுக்குன்றத்துத் திருவிழாக் கடையில் மகளின் கல்யாணத்துக்கென்று வாங்கி, சுற்றிய வைக்கோலைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தேன். கொண்டுவந்து வைத்தபோது வாட்ச்மேன் அதைக் கையால் மறைத்துக்கொண்டார். “வேணாம்மா. பொண்ணு சட்டி இது. இந்த நேரத்துல போயி இதுல ஓட்ட போடுவாங்களா?” அவர் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியும். எங்கள் வழக்கத்தில் பானையில் ஓட்டை போடுவது ஒரே ஓர் இடத்தில்தான்: சுடுகாட்டில், கொள்ளி வைக்கிறவர் தோளில் இருக்கும் குடத்தில். மகள் கால்வாய்க் கரையை நோக்கி நடக்கப்போகும் நேரத்தில், அவள் பெயரில் வாங்கிய சட்டியில் ஓட்டை போடு என்று என் வாயால் நான் சொல்ல வேண்டும். பாய்க்கும் புரிந்துவிட்டது. டிரில்லைக் கீழே வைத்தார். “நீ சொல்லாம நான் கை வெக்க மாட்டேன்” என்றார். நான் சொன்னேன். “பிஸ்மில்லா” என்று முணுமுணுத்துவிட்டு அவர் டிரில்லை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கல் உரசும் அந்தச் சத்தம் இப்போதும் சில சமயம் என்னை உலுக்கும்.

இந்த முறை சட்டி பேசாமல் இருந்தது. “இப்ப நீ பேசு” என்றார் பாய். மைக்கின் முன் உட்கார்ந்து, பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று எழுதி வைத்ததை வாசித்தேன். வாசித்து முடித்ததும் என்னையறியாமல் வாய் தானாகப் பேசியது. “செங்கல்பட்டுலேர்ந்து வந்த பொண்ணுங்க யாரும் படகுல ஏறாதீங்க! டீச்சர், புள்ளைங்கள ஏத்தாதீங்க. அங்கேயே சத்திரத்துல இருங்க, நாளைக்கு வந்தாப் போதும்!” வானொலியில் வீட்டுத் தமிழ் பேசக்கூடாது என்பது கண்டிப்பான விதி. நான் பயந்து நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாய் கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்: இன்னொரு தடவை, இன்னொரு தடவை.

கேட்கிறவரிடமிருந்து பதில் வராது என்பதுதான் வானொலியில் உள்ள கொடுமை. மின்சாரம் நின்றதும் பாய் டீசல் இயந்திரத்தை ஓட்டினார். “கேட்டிருப்பாங்களா பாய்?” என்றேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர் அன்று, “தெரியாதும்மா. நாம ஓடிகினே இருப்போம்” என்று மட்டும் சொன்னார். அந்த இரவைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை.

மறுநாள் உச்சிவேளையில் சவுக்குக்கட்டை லாரி ஒன்றில் பெண்கள் வந்து இறங்கினார்கள். தலையெல்லாம் மணல். என் மகள் முதலில் சொன்னது, “ஏம்மா, வீட்டுல திட்டற மாதிரியே ரேடியோவுல கத்தினியே, என் மானமே போச்சு” என்பதுதான். நான் அவளைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். அறிவிப்பை வாசித்தபோது கடைத்தெருவில் யாரும் பொருட்படுத்தவில்லையாம். மழைக்காலத்தில் வழக்கமாகச் சொல்வதுதானே. பெண்கள் கிளம்பி நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது என் கூச்சல். “இன்னாடா இது, ரேடியோகாரம்மா அழுவுது?” என்று யாரோ சிரித்தார்களாம். இவள் தலைமையாசிரியையின் முந்தானையைப் பிடித்து இழுத்து, “எங்கம்மா இந்தக் குரல்ல பேசினா நிஜமாவே பயந்திருக்காங்க டீச்சர்” என்றிருக்கிறாள். அவர் திரும்பி நடந்தார். படகுக்காரரும் படகைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். விடிந்து பார்த்தபோது படகு கயிற்றை அறுத்துக்கொண்டு சவுக்குத் தோப்பில் கவிழ்ந்து கிடந்ததாம், வெறும் படகாக.

வீட்டுத் தமிழ் பேசியதற்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். தொலைபேசியை பாய்தான் எடுத்தார். “யாரும் கேக்கறதில்லன்னு நீங்கதான சார் சொன்னீங்க?” என்றார். கோடையில் புதுப் பீங்கான் வந்ததும் சட்டியைக் கழற்றி, துடைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார். “இனிமே இதுல கொழம்பு வெக்க முடியாது, கோச்சுக்காத” என்றார். ஓட்டையைச் சுற்றித் தீய்ந்த கறுப்பாக ஒரு வளையம் இருந்தது.

பட்டணத்தில் பெரிய டிரான்ஸ்மிட்டர் வந்தபின் எங்கள் நிலையம் வேண்டாததாகிவிட்டது. மூடிய மறுநாள் மாலை வாசலில் சைக்கிள்கள் வந்து நிற்க ஆரம்பித்தன. “இன்னா பாய், ரேடியோ பாடல?” கொல்லைக்காரர் மண்வெட்டியோடு வந்து, தண்ணீர் திருப்பட்டுமா என்று கேட்டார். பாய் என் பக்கம் திரும்பினார். “பாத்தியா தங்கச்சி, கேக்கறாங்க.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்த வாரமே மாற்றலாகி எங்கோ தெற்கே போனார். நல்லபடியாக இருப்பார் என்று நம்புகிறேன்.

போன வாரம் காற்று பலமாக அடித்தது. அப்படி அடித்தால் என்னால் இன்னமும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு மகளின் புகுந்த வீட்டுக்குப் போனேன். அவள் அடுக்களையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மாள் என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார். அங்கே அந்தக் கல்சட்டியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று முழங்கால் உயரத்துக்குத் தழைத்து நின்றது. “எத்தினியோ தொட்டியில வெச்சேன் சம்பந்தி, எல்லாம் தண்ணி தேங்கி அழுவிப்போச்சி. இதுலதான் புடிச்சிக்கிச்சு. அடியில ஓட்ட கீது பாருங்க, அதான் பொழச்சிது. யாரு போட்டது, இவ்ளோ நேக்கா?”

குனிந்து சட்டியைச் சற்றே சாய்த்து, அடியில் விரலை வைத்துப் பார்த்தேன். ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு விரலில் இறங்கியது. கை நடுங்கவில்லை.

“எங்க எஞ்சினியர் பாய்” என்றேன்.