ஓல்கா மிகுலெங்கா கவிழ்த்து வைத்துப்போன ஏழு காய்கள்

ஓல்கா மிகுலெங்கா முப்பது வருடம் மாட்டுத்தீவனக் கடை நடத்தியவள். ஐம்பது பவுண்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டே மீதிச் சில்லறை எண்ணித் தருவாள். வறட்சியில் கடை மூழ்கியது. சரக்குக் கொடுத்த நிறுவனம் வழக்குப் போட்டு வென்றது. மிஞ்சியது அவள் குடியிருந்த வீடு மட்டும்.

டெக்சஸில் குடியிருக்கும் வீட்டை அந்த மாதிரிக் கடனுக்காகப் பிடுங்க முடியாது. ஆனால் திரும்பும் எண்ணமில்லாமல் விட்டுப் போனால் அந்தச் சட்டக் காப்பு போய்விடும். ஓல்காவோ படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு, ஹூஸ்டனில் மகள் வீட்டில் பதினான்கு மாதம் கிடந்தாள். மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லிவிட்டாள், பசுவை விற்றாள், தபாலையும் அங்கேயே திருப்பிவிட்டாள். நிறுவனத்து வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்?

அத்தோடு நிற்காமல் அவர் பக்கத்து வீட்டு வெர்னாவையும் சாட்சிக்கு அழைத்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"திரும்பி வருவேன்னு உங்ககிட்டச் சொன்னாங்களாம்மா?"

"எங்க சொன்னா? என்னை ஏமாத்துக்காரின்னு திட்டிட்டுப் போனா."

வக்கீல் சிரித்தபடி உட்காரப் போனார்.

"எதுக்குத் திட்டினாங்க?" என்றார் நீதிபதி.

"நாப்பத்திரண்டு ஆடிட்டிருந்தோம் ஐயா. ஆறுக்கு ஆறு."

நீதிமன்றமே நிமிர்ந்தது. எங்கள் வட்டாரத்தில் அந்த டாமினோ ஆட்டம் தெரியாதவர் இல்லை. இரண்டிரண்டு பேராகக் கூட்டு. ஒரு ஆட்டத்துக்கு ஏழு பிடி; இத்தனை பிடிப்பேன் என்று கேள்வி கேட்டவர் பிடித்தால் அவர் கூட்டுக்கு ஒரு கோடு, தவறினால் எதிர்க்கூட்டுக்கு. முதலில் ஏழு கோடு போடும் கூட்டு ஜெயிக்கும். ஓல்காவின் கூட்டாளி நான். வெர்னாவுக்கு அவள் புருஷன் எர்வின்.

"யார் கேள்வி?" என்றார் நீதிபதி.

"அவதான். ஏழு பிடியும் எனக்கேன்னு கேட்டா. நீ கூட்டாளிக்குக் கண்ணைக் காட்டுறேன்னு நான் அவகிட்டச் சொல்லிட்டேன். வந்துது பாருங்க கோவம்! நீதான்டி ஏமாத்துக்காரின்னு திட்டினா. காயைக் கவுத்து வச்சிட்டு, காத்து வாங்க வெளிய போனவ படியில விழுந்துட்டா."

"அந்தக் காய்?"

"மேசையிலயே இருக்கு. ஆஸ்பத்திரியிலேருந்து ஆள் விட்டுச் சொன்னா, ஒண்ணைத் தொட்டாலும் கையை ஒடிப்பேன்னு."

"ஆட்சேபணை!" வக்கீல் எழுந்தார். "இது வெறும் விளையாட்டு!"

"உட்காருங்க," என்றார் நீதிபதி. "வெர்னாம்மா, சாவி யாருகிட்ட?"

"என்கிட்ட. பூனைக்குச் சோறு வைக்கணுமே."

"நீங்க காயைப் பார்க்கலையா?"

வெர்னாவுக்கு முகம் சிவந்தது. "பதினாலு மாசம் ஐயா! தினம் அந்த மேசையைத் தாண்டிப் போறேன். ஒரு காயைக்கூடத் திருப்பல. அவ வந்து ஆடத்தானே போறா!"

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பும் எண்ணம் இல்லை என்பதை நிறுவனம் நிரூபிக்கவில்லை, வீட்டின் காப்பு நிற்கிறது என்று தீர்ப்புச் சொன்னார்.

வழக்குக்காக ஹூஸ்டனிலிருந்து வந்திருந்த ஓல்கா ஊன்றுகோலோடு காருக்கு ஓட்டமாக ஓடினாள். காரில் யாரும் ஒழுங்காகப் பேசவில்லை. நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அவள் சமையலறை மேசையில் மெல்லிய தூசி. ஏழு ஏழாக நாலு வரிசைக் காய்கள்.

"கேள்வி நிக்குதா?" என்றாள் வெர்னா.

"நிக்குதுடி. உட்காரு."

ஆறு பிடி மடமடவென்று ஓல்காவுக்கு வந்தது. ஏழாவதை வெர்னா அடித்தாள். "ஏய்!" என்று கத்திக்கொண்டே எழுந்தவள், அலமாரிக் கதவின் உட்புறம் தங்கள் ஆறு கோட்டுக்குப் பக்கத்தில் ஏழாவதைச் சாக்கட்டியால் அழுத்தி இழுத்தாள்.

"என் கதவைக் கிறுக்காதடி," என்றாள் ஓல்கா, காய்களைக் கலக்கிக்கொண்டே. "இது என் வீடு."